அலைனர், ஸ்கேனர், ஏஐ எல்லாம் வந்துவிட்டது, சரி. பல் சீரமைப்பின் தரம் கூடியதா?

கம்பிவைத்தியர் (இழையைத் தொடங்கியவர்):

இந்தக் குழுவில் பல் மருத்துவர்களைவிட, கிளிப் போட்டுக்கொண்டவர்களும் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டவர்களும்தான் அதிகம். அதனால்தான் இங்கே கேட்கிறேன். நான் பல் சீரமைப்பு மருத்துவர். இங்கிலாந்தில் வேலை, கூடவே பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்கான ஆராய்ச்சி. நோயாளி வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் தன் பல்லைப் படமெடுத்து அனுப்புவார், மென்பொருள் அதைப் பார்த்து அலைனர் (பல்மேல் மாட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் உறை, ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பல்லை நகர்த்துவது) ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா, அடுத்ததை மாட்டலாமா என்று சொல்லும், நாங்கள் தேவைப்பட்டால் மட்டும் நேரில் வரச்சொல்வோம். இப்படிச் செய்தால் சிகிச்சையின் தரம் கூடுமா, குறையுமா என்பதுதான் என் கேள்வி.

சுலபமான கேள்வி மாதிரித்தான் இருக்கிறது. தரம் என்று எதை அளப்பது என்று யோசிக்க ஆரம்பித்தால்தான் சிக்கல். எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு: முதலில் கருவி வரும், கூடவே விளம்பரம் வரும், எல்லாரும் வாங்கி முடித்த பிறகு சோதனை வரும்.

தானே மூடிக்கொள்ளும் பிராக்கெட்டை, அதாவது பல்லில் ஒட்டிக் கம்பியைத் தாங்கும் சின்னத் துண்டை, எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியைப் பிடித்துக்கொள்ள ரப்பர் வளையம் போடாமல் பிராக்கெட்டிலேயே ஒரு சின்னக் கதவு வைத்திருப்பார்கள். யோசனை புதிதல்ல, 1935லேயே ஸ்டோல்சன்பர்க் என்பவர் இதுபோல ஒன்றை விவரித்திருக்கிறார். 2000களில் அது பெரிய வியாபாரமாகத் திரும்பி வந்தபோது, சிகிச்சை சீக்கிரம் முடியும், வலி குறையும், பல் பிடுங்க வேண்டியதே அநேகமாக இருக்காது என்றெல்லாம் சொன்னார்கள். 2010ஐ ஒட்டி முறையான சோதனைகளும் அவற்றைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளும் வந்தன. சிகிச்சைக் காலம் ஏறக்குறைய அதே, வருகைகள் அதே, முடிவில் பல்வரிசையும் அதே. மிச்சமானது கம்பி மாற்றும்போது எங்களுக்குச் சில நிமிடம்.

அப்புறம் அக்செலடென்ட் என்ற அதிர்வுக் கருவி. தினம் 20 நிமிடம் அதைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பல் வேகமாக நகரும் என்றார்கள். பிரிட்டனில் 81 இளம் நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது, 2015இல் வெளியானது. கிளிப் போட்ட அத்தனை பேரையும் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அதிரும் கருவி, இன்னொன்றுக்கு அதே உருவத்தில் அதிராத கருவி, மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. பல் நேராகிய வேகத்தில் மூன்றுக்கும் வித்தியாசமே இல்லை.

நான் சோதிக்கும் முறைக்கும் இதே கதி வந்தால் பரவாயில்லை, அதையும் எழுதிப் பட்டம் வாங்கலாம். தப்பான அளவுகோலை வைத்துக்கொண்டு "நல்லது" என்று எழுதிவிடக்கூடாது, அதுதான் பயம். நோயாளியாக, பெற்றவராக, நீங்கள் எதைத் தரம் என்பீர்கள்?

இரட்டைப்பிள்ளைஅம்மா:

டாக்டர், எனக்கு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கிளிப் ஓடிக்கொண்டிருக்கிறது, கோயம்புத்தூரில். மாதம் ஒருமுறை பிள்ளைகளுக்கு அரைநாள் பள்ளி போகும், எனக்கு அரைநாள் லீவு போகும், அங்கே போய்க் காத்துக்கிடந்து கடைசியில் நாற்காலியில் ஐந்து நிமிடம், "நல்லா போகுது, அடுத்த மாசம் வாங்க". இதற்குப் படம் அனுப்பினால் போதும் என்றால் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் முறுக்கு தின்று பிராக்கெட் கழன்று கம்பி கன்னத்தில் குத்திக்கொண்டு நிற்கிற நேரத்தில், "உங்கள் படம் தெளிவாக இல்லை, மீண்டும் எடுக்கவும்" என்று ஒரு மென்பொருள் பதில் சொன்னால் கைப்பேசியைத் தூக்கி எறிந்துவிடுவேன்.

தரம் என்று கேட்டால், முதலாவது, சொன்ன காலத்தில் முடிய வேண்டும். இரண்டாவது, கழற்றிய பிறகு பல்லில் வெள்ளைத் திட்டு இருக்கக்கூடாது. என் அக்கா பெண்ணுக்கு வரிசை அழகாக வந்தது, ஆனால் பிராக்கெட் ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவியது மாதிரி வெள்ளை. சிரித்தால் அதுதான் முதலில் தெரிகிறது. அதையெல்லாம் உங்கள் ஆராய்ச்சியில் யாராவது எழுதுகிறார்களா?

ஸ்கேனர்கை:

எதிர்க்கட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் இல்லையா, நான் இருக்கிறேன். அலைனர் செய்கிற ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எல்லாவற்றையும் விளம்பரம் என்று தள்ளிவிட வேண்டாம். பல் அளவெடுக்க மாவு வைத்த காலம் நினைவிருக்கிறதா? குமட்டிக்கொண்டு வரும், சிறுவர்கள் அழுவார்கள், மாவு இறுகும்போது கொஞ்சம் இழுத்துவிட்டால் அச்சு கோணலாகும், மறுபடி எடுக்க வேண்டும். அந்த அச்சில் செய்த பிளாஸ்டர் மாடல்களை வருடக்கணக்கில் அலமாரியில் அடுக்கி வைக்க வேண்டும், ஒன்று கீழே விழுந்தால் நோயாளியின் ஆதாரமே போச்சு. இன்றைக்கு வாய்க்குள் ஒரு ஸ்கேனரை நகர்த்தினால் சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இதைத் தரம் என்று சொல்லாமல் என்னவென்று சொல்வது?

கம்பி தயாரிக்கிற நிக்கல் டைட்டானியமும் ஒரு காலத்தில் புதுத் தொழில்நுட்பம்தான். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த உலோகம், 1970களில் அயோவாவில் ஆண்ட்ரியாசன் அதைப் பல் கம்பியாக்கினார். அது இல்லாமல் இன்று எந்த டாக்டராவது வேலை செய்வாரா?

எண்கணக்கு:

ஸ்கேனர்கை சொல்வது வசதி. வசதியும் முக்கியம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வசதி கூடியதை வைத்து விளைவும் கூடியது என்று எழுதுவதுதான் தகராறு.

புள்ளியியல் என் தொழில், பல் பற்றித் தெரியாது, ஆனால் டாக்டர் இந்த இழையைத் தொடங்கியதும் கொஞ்சம் கட்டுரைகளைப் புரட்டினேன். அலைனரையும் கிளிப்பையும் ஒப்பிட்ட 2005ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, நியூயார்க்கில் ஒரே மருத்துவமனையின் பழைய கோப்புகள், இரண்டு பக்கமும் 48 நோயாளிகள். அமெரிக்கப் பல் சீரமைப்பு வாரியத்தின் மதிப்பெண் முறையில் ஒவ்வொரு குறைக்கும் புள்ளி கழித்தால், அலைனர் பக்கம் சராசரியாக 13 புள்ளி அதிகமாக இழந்தது. மேல்பல் கீழ்ப்பல் ஒன்றோடொன்று பதிவதிலும், முன்பின் விலகல் பெரிதாக இருந்த வாய்களிலும் அடி. முன்பற்களின் திருகலை நேராக்குவதிலும் இடைவெளி மூடுவதிலும் அலைனர் நன்றாகவே செய்திருக்கிறது, சிகிச்சையும் சில மாதம் முன்னதாகவே முடிந்திருக்கிறது.

சரி, இதை வைத்துக் கிளிப்தான் உசத்தி என்று சொல்லலாமா? யாருக்கு அலைனர், யாருக்குக் கிளிப் என்று சீட்டுக் குலுக்கிப் போடவில்லை. நோயாளி கேட்டதாலோ டாக்டர் நினைத்ததாலோ ஒரு பக்கம் போனார்கள். ஆரம்பத்திலேயே வேறுபட்ட மனிதர்கள். அதனால்தான் அந்த அதிராத கருவி எனக்கு ரொம்பப் பிடித்தது, டாக்டர். வாயில் ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு தினமும் 20 நிமிடம் அக்கறையாக உட்காருகிற பிள்ளை, பல்லை நன்றாகத் துலக்கவும் செய்யும், சொன்ன நாளில் வரவும் செய்யும். அந்த அக்கறையின் பலனைக் கருவியின் பலனிலிருந்து பிரிக்க வேறு வழியே இல்லை.

ரொறொன்ரோவாசி:

நான் டாக்டரும் இல்லை, ஆய்வகமும் இல்லை. ஆனால் தொலைவிலிருந்து சிகிச்சை என்றதும் ஸ்மைல் டைரக்ட் கிளப் கதைதான் நினைவுக்கு வருகிறது. மறந்தவர்களுக்காக: 2014இல் அமெரிக்காவில் தொடங்கினார்கள், வீட்டுக்கே அலைனர் தபாலில் வரும், 2019 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது கிட்டத்தட்ட 9 பில்லியன் டாலர் மதிப்பு. 2023 செப்டம்பரில் திவால் மனு, டிசம்பரில் கடையை மூடிவிட்டார்கள். பாதிச் சிகிச்சையில் இருந்தவர்களை உள்ளூர்ப் பல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள், வாழ்நாள் உத்தரவாதம் இனி இல்லை என்றார்கள், ஆனால் தவணை கட்டுகிறவர்கள் தொடர்ந்து கட்ட வேண்டும் என்றும் எழுதினார்கள். இப்படி எழுத ஒரு தைரியம் வேண்டும்.

இந்த இழைக்குப் பொருந்துகிற விஷயம் வேறு. பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களிடம், வெளியே பேசமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வாஷிங்டன் டிசியின் அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டு, 2023இல் 17,000க்கும் அதிகமானவர்களை அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்க வைத்தார். யோசித்துப் பாருங்கள், புகார்களை எல்லாம் பூட்டி வைத்துவிட்டு "எங்கள் வாடிக்கையாளர் திருப்தி" என்று எண் காட்டினால் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு? தம்பி, உங்கள் ஆராய்ச்சியில் பாதியில் விட்டுப்போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று கட்டாயம் பாருங்கள்.

கம்பிவைத்தியர்:

அண்ணா, அந்தக் கம்பெனி கதையை எங்கள் வகுப்பிலும் சொல்லித்தருகிறார்கள். 2019இலேயே கலிபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது, எக்ஸ்ரே பார்க்காமல் பல்லை நகர்த்தத் தொடங்கக்கூடாது என்கிற மாதிரி. எலும்பு அரித்துப்போன வாயில் பல்லை இழுத்தால் பல்லே ஆடிப்போகும், அது வெளியிலிருந்து எடுக்கும் படத்தில் தெரியாது. நான் சோதிக்கும் முறை அப்படிப்பட்டதல்ல, நோயாளியை முதலில் நேரில் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, திட்டம் போட்ட பிறகுதான் தொலைவுக் கண்காணிப்பு. இருந்தாலும் மக்கள் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்ப்பார்கள்.

அம்மா கேட்ட வெள்ளைத் திட்டு பற்றி. எழுதுகிறார்கள், ஆனால் தனியாக எழுதுகிறார்கள். பிரிட்டனில் தரத்தை அளக்கும் முக்கிய அளவுகோல் பார் குறியீடு, 1992இல் மான்செஸ்டரிலிருந்து வந்தது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் உள்ள மாடல்களை ஒரு சின்ன அளவுகோல் வைத்து அளந்து புள்ளி போடுவார்கள். குறைந்தது 30 சதவீதம் புள்ளி குறைந்தால் முன்னேற்றம், 22 புள்ளி குறைந்தால் பெரிய முன்னேற்றம். ஒரு மருத்துவரின் நோயாளிகளை மொத்தமாக எடுத்தால் சராசரிக் குறைவு 70 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். இதில் எத்துப்பல்லின் நீட்டத்துக்கு ஆறு மடங்கு எடை, பல்வரிசையின் நடுக்கோடு விலகலுக்கு நான்கு மடங்கு.

என்ன இல்லை என்று பாருங்கள். வெள்ளைத் திட்டு இல்லை. வேர் கரைந்து குட்டையானது இல்லை. ஈறு இறங்கியது இல்லை. முகம் இல்லை. எத்தனை நாள் பள்ளி போயிற்று என்பது இல்லை. எத்துப்பல் அதிகம் உள்ளவர்களாகப் பொறுக்கி எடுத்தால் புள்ளியும் நன்றாகக் குறையும். பார் குறியீடு மோசமானது என்று சொல்லவில்லை, அது வந்ததால்தான் இங்கே ஒரு டாக்டரின் வேலையை இன்னொருவரின் வேலையோடு ஒப்பிட முடிந்தது. ஆனால் அது பிளாஸ்டர் மாடலுக்குப் போடும் மதிப்பெண்.

மதுரைப்பல்:

உள்ளே வரலாமா, நானும் எம்டிஎஸ் (பல் மருத்துவ மேற்படிப்பு) முடித்த கம்பிக்காரன்தான், மதுரையில் சொந்த கிளினிக். நீங்கள் எல்லாரும் கிளிப்பைக் கழற்றிய நாளிலேயே நிற்கிறீர்கள். கழற்றிய நாளில் எல்லாப் பல்லும் அழகுதான், அன்றைக்கு எடுக்கும் படத்தைத்தான் எல்லாரும் கிளினிக் சுவரில் மாட்டுகிறோம்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிட்டில், ரீடல் எல்லாரும் பழைய நோயாளிகளைப் பல வருடம் கழித்துக் கூப்பிட்டு மறுபடி மாடல் எடுத்தார்கள். முன்கடைவாய்ப்பல் பிடுங்கிச் சிகிச்சை செய்தவர்கள், நல்ல கைகள் செய்த சிகிச்சை. 1988இல் அவர்கள் எழுதியது, ரிட்டெய்னரை (கிளிப் கழற்றிய பிறகு பல் திரும்பாமல் பிடித்துவைக்கும் கருவி) நிறுத்தி 20 வருடத்தில் கீழ் முன்பற்கள் ஏற்கத்தக்க அளவு நேராக இருந்தவர்கள் வெறும் 10 சதவீதம். 10 வருடத்தில் பார்த்தபோதே 30 சதவீதத்துக்கும் குறைவு. யாருக்குத் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு அறிகுறியும் கிடைக்கவில்லை. ஆகவே ரிட்டெய்னரை எவ்வளவு நாள் போட வேண்டும் என்று கேட்கிற நோயாளியிடம் நான் சொல்வது, பல் நேராக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற நாள் வரைக்கும்.

இப்போது யோசியுங்கள், ஸ்கேனர் எந்த வகை, பிராக்கெட் எந்த வகை என்பதெல்லாம் இந்த 20 வருடத்தில் எங்கே போய் நிற்கும்? இரவில் ரிட்டெய்னர் போட்டாரா இல்லையா என்பதுதான் நிற்கும். டாக்டர், உங்கள் தொலைவுக் கண்காணிப்பு உருப்படியாக உதவக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது என்றால் அது இதுதான். சிகிச்சை முடிந்த பிறகு நோயாளி எங்கள் பக்கமே வரமாட்டார். கல்லூரிக்குப் போவார், சென்னைக்குப் போவார், துபாய்க்குப் போவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு படம் வந்தால், பல் நகரத் தொடங்கும்போதே பிடித்துவிடலாம். அதை எந்தக் கம்பெனியும் பெரிதாக விளம்பரம் செய்வதில்லை, ஏனென்றால் அதில் காசில்லை.

புதுஉறுப்பினர்:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் மகளுக்கு 9 வயது, எத்துப்பல் நன்றாகத் தெரிகிறது. இப்போதே ஒரு கருவி போட்டால் தாடை வளர்ந்து பிறகு கிளிப்பே வேண்டியிருக்காது என்கிறார்கள். போடலாமா?

கம்பிவைத்தியர்:

நேரில் பார்க்காமல் உங்கள் மகளைப் பற்றிச் சொல்ல முடியாது, பொதுவாகச் சொல்கிறேன், இந்த இழைக்கும் பொருந்தும். மான்செஸ்டரில் கெவின் ஓ'பிரையன் தலைமையில் பிரிட்டனில் பல மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு சோதனை செய்தன. 8 முதல் 10 வயது வரை உள்ள 174 பிள்ளைகள், பாதிப் பேருக்கு உடனே ட்வின் பிளாக் என்ற, மேலும் கீழும் மாட்டிக் கழற்றும் கருவி, மீதிப் பேரைக் காத்திருக்க வைத்தார்கள். 2003இல் வந்த முதல் முடிவில் எத்துப்பல் நன்றாக உள்ளே போயிருந்தது, பிள்ளைகள் தங்களைப் பற்றி நினைப்பதும் மேம்பட்டிருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் பிரமாதமான ஆய்வு. அவர்கள் நிறுத்தாமல், எல்லாப் பிள்ளைகளும் பதின்பருவத்தில் முழுச் சிகிச்சையும் முடிக்கும்வரை பின்தொடர்ந்தார்கள். 2009 முடிவு என்ன தெரியுமா, சீக்கிரம் தொடங்கியவர்களுக்குத் தாடை அமைப்பில் லாபமில்லை, பல் பிடுங்குவது குறையவில்லை, வருகை அதிகம், செலவு அதிகம், கடைசிப் பல்வரிசை சொல்லப்போனால் கொஞ்சம் மோசம்.

ஆனால் வேறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஒரு லாபம் தெரிகிறது, முன்பல் அடிபட்டு உடைவது குறைகிறது. விளையாடுகிற பிள்ளை, பல் ரொம்ப வெளியே இருக்கிறது, பள்ளியில் கேலி செய்து அழுதுகொண்டு வருகிறது என்றால் இப்போதே செய்வதில் அர்த்தம் உண்டு. பிறகு கிளிப் வேண்டியிருக்காது என்பதற்காக மட்டும் என்றால் அவசரம் இல்லை. உங்கள் டாக்டரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள்.

புதுஉறுப்பினர்:

நன்றி டாக்டர். கேலிதான் பிரச்சினை. பேசிப் பார்க்கிறேன்.

ஸ்கேனர்கை:

சரி, நான் விடுவதாக இல்லை. அலைனர் ஆய்வுகளில் எல்லாரும் மேற்கோள் காட்டுவது கிராவிட்ஸ் ஆய்வு. 2009இல் முன்பற்களை அளந்து, கணினித் திட்டத்தில் சொன்ன நகர்வில் சராசரியாக 41 சதவீதம்தான் வாயில் நடந்தது என்றார்கள். கிராவிட்ஸும் வேறு சிலரும் சேர்ந்து 2020இல் மறுபடி அளந்தபோது 50 சதவீதம். "பாருங்கள், பாதிதான் நடக்கிறது" என்று எங்களைக் கேலி செய்யாத கருத்தரங்கு இல்லை.

உள்ளே இருந்து பார்க்கிறவன் சொல்கிறேன். அந்தக் கணினித் திட்டம் பல் போய்ச் சேர வேண்டிய இடம் மட்டும் இல்லை. பல் முழுதும் நகராது என்று தெரிந்த டாக்டர் வேண்டுமென்றே கூடுதலாகத் திருப்பித் திட்டம் போடுவார். 10 டிகிரி வேண்டும் என்றால் 15 போடுவார். வாயில் 10 நடந்தால் அவருக்கு முழு வெற்றி, உங்கள் கணக்கில் 67 சதவீதம். இதில் யார் தோற்றது?

எண்கணக்கு:

இது நல்ல பாயிண்ட், ஒத்துக்கொள்கிறேன். கருவி போட்ட திட்டத்தையே அளவுகோலாக வைத்துக் கருவியை அளந்தால், அது கருவியைப் பற்றிய தகவல், சிகிச்சையைப் பற்றிய தகவல் இல்லை. ஆனால் அது உங்களுக்கும் சேர்த்துத்தான் வெட்டும். 41இலிருந்து 50 ஆனது புது பிளாஸ்டிக்கால் என்று உங்கள் கம்பெனிக்காரர்கள் சொன்னால் அதையும் நம்பக்கூடாது, முதல் ஆய்வில் முன்பற்கள் மட்டும், அடுத்ததில் எல்லாப் பற்களும்.

இப்போது டாக்டரின் ஆய்வுக்கு வருகிறேன். இந்தத் துறையில் தொலைவுக் கண்காணிப்புக் கட்டுரைகள் சிலவற்றைப் படித்தேன், கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் பெருமையாகச் சொல்லும் முடிவு நேரில் வருவது குறைந்தது என்பது. டாக்டர், தயவுசெய்து அதை முதன்மை முடிவாக வைக்காதீர்கள். தேவைப்பட்டால் மட்டும் வாருங்கள் என்று நீங்களே சொல்லிவிட்டு, வருகை குறைந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது எப்படி ஒரு கண்டுபிடிப்பாகும்? அதுதான் நீங்கள் செய்த சிகிச்சையே. வருகை குறைந்தும் மற்றதெல்லாம் கெட்டுப்போகவில்லை என்று காட்டுவதுதான் வேலை. அதற்கு எவ்வளவு கெட்டால் பரவாயில்லை என்ற எல்லையை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிப் பதிவு செய்துவிட வேண்டும். பிறகு எழுதினால் எல்லை நகரும்.

இன்னொன்று, படம் அனுப்பாதவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடக்கூடாது. ரொறொன்ரோ அண்ணன் சொன்னது இதுதான். ஒழுங்காகப் படம் அனுப்புகிறவர் அலைனரையும் ஒழுங்காகப் போடுவார். அவர்களை மட்டும் வைத்துக்கொண்டால் எந்த மென்பொருளும் ஜெயிக்கும்.

மதுரைப்பல்:

ஏஐ பற்றி யாரும் பேசவில்லையே, தலைப்பில் இருக்கிறது. பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே, நாங்கள் செஃபலோ என்போம், 1931இல் அமெரிக்காவில் பிராட்பென்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் முறைப்படுத்தியது. படித்த காலத்தில் அதன்மேல் டிரேசிங் தாளை ஒட்டி, விளக்குப் பெட்டியில் வைத்து, பென்சிலால் புள்ளி குறித்துக் கோணம் அளந்து கழுத்து வலி வாங்கினோம். இப்போது மென்பொருள் கண்ணிமைக்கும் நேரத்தில் குறித்துவிடுகிறது. இதற்கென்று 2015இல் நடந்த ஒரு போட்டியில் 400 எக்ஸ்ரே, ஒவ்வொன்றிலும் 19 புள்ளிகள், சரியான இடத்திலிருந்து 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பாஸ். சரியான இடம் எது? இரண்டு டாக்டர்கள் குறித்ததன் சராசரி. அந்த இரண்டு பேரே சில புள்ளிகளில் ஒத்துப்போகமாட்டார்கள், தாடை மூலை, காதுத்துளை மேற்புள்ளி எல்லாம் அப்படித்தான்.

அது போகட்டும். எனக்கு உறுத்துவது அடுத்த படி. கோணத்தை அளந்ததும் மென்பொருள் "இயல்பு", "இயல்பல்ல" என்று சிவப்புப் பச்சை போடுகிறது. எந்த முகத்துக்கு இயல்பு? பழைய அளவுகள் பெரும்பாலும் அமெரிக்க வெள்ளைக்காரர்களின் முகத்திலிருந்து வந்தவை. நம் பக்கம் இரண்டு தாடையுமே சற்று முன்னால் இருப்பது சகஜம். அளவுப் பட்டியலை மாற்றாமல் விட்டால் என் நோயாளிகளில் பாதிப் பேருக்குச் சிவப்பு எரியும், சிவப்பைப் பார்த்துப் பயந்து நாலு பல்லைப் பிடுங்குகிற ஆளும் இருக்கிறார். இங்கே தரத்தைக் கெடுத்தது மென்பொருளா, ஆளா?

இரட்டைப்பிள்ளைஅம்மா:

என் பெரியவனுக்கு நாலு பல் பிடுங்கித்தான் கிளிப் போட்டார்கள். இப்போது இதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வராது போல.

மதுரைப்பல்:

அக்கா, பயப்படாதீர்கள். இடமே இல்லாமல் பல் நெருக்கமாக இருந்தால் பிடுங்குவது சரியான முடிவுதான். எங்கள் துறையின் தந்தை என்று சொல்லப்படும் அமெரிக்க மருத்துவர் ஏங்கிள் காலத்திலிருந்து எங்களுக்குள் நடக்கிற சண்டை இது. அவர் பிடுங்கவே கூடாது என்றார், அவரிடம் படித்த ட்வீட் பிடுங்காமல் செய்த தன் பழைய நோயாளிகளையே கூப்பிட்டுப் பிடுங்கி மறுபடி செய்து காட்டினார். உங்கள் டாக்டர் ஏன் பிடுங்கினார் என்று மாடலைக் காட்டி விளக்கியிருந்தால், அதுவே நல்ல சிகிச்சைக்கு அடையாளம்.

இரட்டைப்பிள்ளைஅம்மா:

விளக்கினார், பொறுமையாக. ஆமாம், சரி.

டாக்டர், இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். அந்தப் படம் எடுக்கக் கன்னத்தை இழுத்துப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் துண்டு தருவீர்கள்தானே, அதை மாட்டிக்கொண்டு பிள்ளை ஆடாமல் நிற்க வேண்டும், பின்னால் ஒருவர் விளக்குப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் அந்த வேலை யார் தலையில் விழும்? அம்மா தலையில்தான். நீங்கள் மருத்துவமனையில் மிச்சம்பிடித்த நேரம் எங்கள் வீட்டில் செலவாகும். அதையும் அளங்கள்.

கம்பிவைத்தியர்:

இது எந்தக் கட்டுரையிலும் நான் பார்க்காத புள்ளி, கட்டாயம் சேர்க்கிறேன். வீட்டில் படமெடுக்க ஆகும் நேரத்தை வாராவாரம் எழுதச்சொல்லி ஒரு தாள் கொடுக்கலாம்.

இதுவரை வந்ததை வைத்து என் திட்டத்தை மாற்றி எழுதுகிறேன். இரண்டு குழுவுமே அலைனர், சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது, ஒரு குழு வழக்கமான வருகை, ஒரு குழு தொலைவுக் கண்காணிப்பு. முதன்மை முடிவு பார் குறியீடு, மோசமாகவில்லை என்று காட்டும் எல்லையோடு. கூடவே வெள்ளைத் திட்டுப் படங்கள், திட்டமிடாத அவசர வருகைகள், வீட்டுநேரம். பாதியில் விட்டவர்களும் கணக்கில் இருப்பார்கள். மதுரை டாக்டர் சொன்ன ரிட்டெய்னர் விஷயத்தை முனைவர் பட்டத்துக்குள் அடக்க முடியாது, ஆனால் சிகிச்சை முடிந்த பிறகும் தொடர்புகொள்ள முன்கூட்டியே சம்மதம் வாங்கிவைத்தால் பின்னால் யாராவது தொடரலாம்.

ஒரே ஒரு சிக்கல். மாடலுக்குப் புள்ளி போடுகிறவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக்கூடாது. எங்கள் துறையில் ஆள் குறைவு, எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

எண்கணக்கு:

புள்ளி போடுகிறவரை வேறு ஊரில் வையுங்கள். இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். அது செலவில்லாத வேலை.

ஸ்கேனர்கை:

அதற்குத்தான் ஸ்கேன் கோப்பு. பிளாஸ்டர் மாடலைப் பெட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்பவா போகிறீர்கள்? கோப்பிலிருந்து பெயர், தேதி எல்லாம் நீக்கிவிட்டு எண் மட்டும் போட்டு அனுப்புவதை நான் செய்து தருகிறேன், முன்னும் பின்னும் வரிசை கலைத்துக்கூடத் தரலாம். என் மேலாளருக்கு உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் கடிதம் ஒன்று வேண்டும், அதை மட்டும் வாங்கி அனுப்புங்கள்.

கம்பிவைத்தியர்:

குழு அடுத்த மாதம்தான் கூடுகிறது. கடிதம் வந்ததும் தனிமடல் போடுகிறேன்.